டிரெய்லருக்கு எந்த அடுப்பு?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடத்தில் இருட்டும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால், வெட்டவெளிச் சமையலில் இந்த மாநிலத்திலேயே தேர்ந்த கைகள் வேலை செய்வதைக் காணலாம். ஆலை வாசலில் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் கார் ஏற்றும் டிரெய்லர்கள், கன்டெய்னர் வண்டிகள். சேசியின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் கதவைக் கீழே மடக்கினால் அதுவே மேசை. உள்ளே அடுப்பு, குக்கர், அரிசி, மிளகாய்த்தூள், பாதி எண்ணெயோடு ஒரு பாட்டில். அரை மணி நேரத்தில் சோறும் ரசமும் ஆகிவிடும். யாரும் இதற்கு ‘கேம்ப்பிங்’ என்று பெயர் வைத்ததில்லை.

அதே சாலையில் இன்னொரு கூட்டமும் மெல்ல உருவாகி வருகிறது. ஆலைகளில் வேலை பார்க்கும் பொறியாளர்கள், மேலாளர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் தங்குகிறவர்கள். வார இறுதியில் ஏலகிரிக்கோ பழவேற்காட்டுக்கோ ஜீப்பை எடுத்துப் போகிறவர்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய டிரெய்லர் நம் ஊரில் இன்னும் அபூர்வம்தான். ஆனால் அந்த ஆசை அபூர்வமில்லை. குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தைப் படுக்கையாக்கிக் கொண்டவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி: எந்த கிரில் வாங்குவது?

கேள்வியே கொஞ்சம் கோணல் என்பது என் வாதம். ஆனாலும் சந்தையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

கையில் தூக்கிப் போகிற கிரில் என்றதும் மனதில் வரும் வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. சிகாகோ அருகே வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் அங்கே செய்துகொண்டிருந்த உலோக மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரியும் மேல்பாதியை மூடியுமாக வைத்தார். காற்றும் மழையும் உள்ளே வராது. பெரிய மாட்டிறைச்சித் துண்டு நிதானமாக வேகும். ஒரு தகட்டுப் பட்டறைக்காரர் தன் பட்டறைப் பொருளையே எடுத்துத் தன் வீட்டுக் கஷ்டத்தைத் தீர்த்த கதை. ஒரகடத்துக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போகாது. ஆனால் அந்த வடிவம் தீர்த்த கஷ்டம் அவருடையது. நாம் சுடுவது இரண்டு விரல் அகலக் கோழித் துண்டு, வஞ்சிரத் துண்டம், நெத்திலி, கத்திரிக்காய், மக்காச்சோளம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலை. மூடிபோட்டு மணிக்கணக்கில் வேகவைக்க எதுவுமில்லை.

நமக்கென்று ஒரு கையடக்க அடுப்பு எப்போதோ இருந்தது: குமுட்டி. இரும்பிலோ மண்ணிலோ செய்த சிறு அடுப்பு, நடுவில் சல்லடைத் தட்டு, கீழே காற்றுக்கும் சாம்பலுக்கும் ஒரு வாய், பக்கத்தில் ஒரு பனை விசிறி. திண்ணைக்குத் தூக்கிப் போகலாம், கொல்லைக்குத் தூக்கிப் போகலாம். அப்பளம் சுடவும் காபிக்கு வெந்நீர் வைக்கவும் கருவாடு வாட்டவும் அதுவே. ஜப்பானியர்களின் சிச்சிரின் என்ற மண் கரியடுப்பும் வேலையில் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். இந்தத் தொழில் வட்டாரத்தில் தங்கியிருக்கும் ஜப்பானியர் ஒருவரிடம் குமுட்டியைக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது. ஆக, கரி கிரிலை மதிப்பிட வேண்டுமானால் அதை வெபரோடு அல்ல, குமுட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம். அந்தத் தேர்வில், இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மடக்கு கிரில்கள் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன. பெட்டி வடிவில் விரியும் மெல்லிய தகடு இரண்டாவது மூன்றாவது முறை சூடேறியதும் முறுக்கிக்கொள்கிறது. கரிக்கும் கம்பிவலைக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்ற வழி இருக்காது. தீ அதிகமானால் இறைச்சியைத் தள்ளி வைக்க வேண்டியதுதான். சில மலிவு மாதிரிகளில் துத்தநாகம் பூசிய தகடு வேறு. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். கரிப் படுகை அதைத் தாண்டிச் சூடாகும். மேல்பூச்சு புகையாகும் அடுப்பின் மேல் சாப்பாடு வைக்கக் கூடாது. அதை வாங்கவே வேண்டாம்.

கரியைப் பொறுத்தவரை நாம் அதிர்ஷ்டசாலிகள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து மூட்டங்களில் எரிக்கிற சீமைக் கருவேலக் கரி கெட்டியானது, நின்று எரியும். இந்த மரத்தையே ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. அதன் கரிக்கு மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. சிரட்டைக் கரி அதைவிடச் சுத்தம், சாம்பல் குறைவு. இஸ்திரிக் கடைக்குக் கரி வரும் ஊர் எல்லாவற்றிலும் முகாமுக்கும் கரி கிடைக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கும், பொட்டலம் போட்ட கரிக் கட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சுவை என்னும் வாதத்தையும் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். வெள்ளைச் சாம்பல் பூத்த கரியிலிருந்து வாசனை பெரிதாக வருவதில்லை. இறைச்சியின் கொழுப்பும் மசாலாவின் எண்ணெயும் சூட்டின் மேல் சொட்டி எழுப்பும் புகைதான் அந்த மணம். தடித்த இரும்புத் தட்டுக்கு மேல் சொட்டினாலும் பாதி மணம் கிடைக்கும். இருந்தாலும் அந்த மீதிப் பாதிக்காகத்தான் மனிதர்கள் அரை மணி நேரம் விசிறிக்கொண்டு உட்கார்கிறார்கள். அதை நான் கேலி செய்யமாட்டேன்.

கரியின் உண்மையான குறை மணத்தில் இல்லை, முடிவில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகும் கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுநாள் காலையில் வண்டி கிளம்ப வேண்டும். இந்த இடத்தில்தான், சற்று முன் நான் தேவையில்லை என்று தள்ளிய மூடி திரும்பவும் உள்ளே வருகிறது. இறுக மூடும் மூடியும், அடைக்கக்கூடிய கீழ்வாயும் இருந்தால், காற்றை மறித்துக் கரியை அணைத்துவிடலாம். மூட்டம் போடுகிறவர்கள் மண் பூசி அடைப்பதும் இதே கணக்கில்தான். எரியாமல் மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். எனவே வாங்குகிறவர் கேட்க வேண்டியது இறைச்சி வேக மூடி இருக்கிறதா என்றல்ல, கரி அணைய மூடி இருக்கிறதா என்று. அந்தக் கேள்விக்கு மடக்குப் பெட்டி கிரில்கள் பெரும்பாலும் விழிக்கும்.

அணைத்த கரியையும் டிரெய்லருக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. இது விளையாட்டு எச்சரிக்கை அல்ல. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பு அறைக்குள்ளேயே இருக்க உறங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் மறுநாள் எழவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லாத, நன்றாகக் கனன்ற கரியிலிருந்துதான் அது நிறைய வரும். ‘புகை போயிருச்சு, உள்ளே வைக்கலாம்’ என்ற நினைப்பே மோசம். சிறிய டிரெய்லரின் உட்புறம் ஒரு விடுதி அறையில் கால்வாசி கூட வராது. குளிருக்காகக் கரியை உள்ளே கொண்டுபோகும் எண்ணம் நம் சமவெளியில் யாருக்கும் வராது, மழைக்காக வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பெய்யும்போது வரும்.

அடுத்தது எரிவாயு. இங்கே நான்கு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; எல்லாவற்றையும் ‘கேஸ் கிரில்’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதால் குழப்பம்.

முதலாவது, ஸ்பிரே குப்பி போன்ற பியூட்டேன் குப்பியைப் பக்கவாட்டில் செருகும் மேசை அடுப்பு. ஜப்பானின் இவாதானி நிறுவனம் 1969இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொரியாவில் அது வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கிய பிறகு இங்கே வந்து சேர்ந்த கொரியக் குடும்பங்களும், ஸ்ரீபெரும்புதூரில் அவர்களுக்காகத் தோன்றிய உணவகங்களும் மேசைமேல் இறைச்சி சுடும் பழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தன. மேசைக்கு இது நல்ல பொருள். இலகு, சுத்தம், உடனே பற்றும். ஆனால் டிரெய்லருக்கு? குப்பியின் மேலேயே எழுதியிருக்கும்: 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய வண்டியின் உட்புறம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். இன்னொரு ஆபத்து: அடுப்பைவிட அகலமான தட்டை வைத்தால், தட்டின் சூடு குப்பிப் பெட்டியின் மீதே திரும்பி விழும். கிரில் தட்டு என்பதே அகலமானது. சுடும் வேலைக்கு வாங்கிய பொருள் சுடும் வேலையில்தான் ஆபத்தாகிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் பியூட்டேனைக் குறை சொல்வது குளிரில் ஆவியாகாது என்பதற்காக. அதன் கொதிநிலை சைபருக்கு அரை டிகிரி கீழே. உதகையின் உறைபனி இரவைத் தவிர இங்கே அந்தக் கவலையே இல்லை. எந்த ஊரின் குறை எந்த ஊருக்கு விலக்காகிறது என்று பார்க்காமல் அந்தக் குறிப்புகளைப் படித்துப் பயனில்லை: அங்கே குளிர் பகை, இங்கே வெயில் பகை.

இரண்டாவது, சிறிய அமெரிக்க வகை கேஸ் கிரில். பொதுவாக ஒரு பவுண்டு புரோபேன் குப்பிக்கு வடிவமைத்தது. அந்தக் குப்பி நம் பெட்ரோல் பங்கில் கிடைக்காது. அதனால் வாங்குகிறவர்கள் ஏதாவதொரு இணைப்பான் போட்டு நம் சிலிண்டருக்கு மாட்டுகிறார்கள். ரெகுலேட்டரின் அழுத்தம் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘10,000 பிடியூ’ என்றிருக்கும். அந்த எண்ணை நம் கணக்குக்கு மாற்றினால், மணிக்குக் கிட்டத்தட்ட 230 கிராம் எரிவாயு. வீட்டு அடுப்பின் ஒரு பெரிய பர்னர் எரிப்பதைவிட ஒன்றரை மடங்கு. அவ்வளவு எரித்தும் கம்பிவலை வழியே பெரும்பகுதி வானத்துக்குப் போகும். அதில் சோறு வடிக்க முடியாது, குழம்பு கொதிக்காது, தோசை ஊற்ற முடியாது. இரண்டு நாள் முகாமில் இறைச்சி சுடுவது ஒரு வேளை. மற்ற வேளைகளெல்லாம் சோறு, டீ, உப்புமா. ஒரு வேளைக்காக முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும் இந்தப் பொருளுக்குச் சிறிய டிரெய்லரில் இடம் தர எனக்கு மனமில்லை.

மூன்றாவது, நாம் அதிகம் பார்ப்பதும் அதிகம் பயப்பட வேண்டியதும்: தலையில் பர்னர் பொருத்திய சின்ன சிலிண்டர். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளில் இது சகஜம். கடையில் கிடைக்கும் தரமுத்திரை இல்லாத உருளை, காலியானால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரிலிருந்து சட்டவிரோதமாகக் கைமாற்றி நிரப்புவது. ஏன் ஆபத்து என்பதை ஒருமுறையாவது இயற்பியலாகச் சொல்ல வேண்டும். சிலிண்டரில் திரவம் முழுக்க நிரம்பக் கூடாது. மேலே ஆவிக்கு இடம் விட்டுத்தான் தொழிற்சாலையில் எடை போட்டு நிரப்புகிறார்கள். திரவ எரிவாயு சூட்டில் நன்றாக விரியும். எடை பார்க்காமல் தெருவோரம் நிரப்பினால் அந்த இடம் இல்லாமல் போகும். வெயிலில் விரிந்த திரவத்துக்கு உருளையின் சுவரைத் தவிர வேறு திசை இருக்காது. இதைத் தகர டிரெய்லருக்குள் வைத்து மத்தியான வெயிலில் நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். மேலும் ஒரு சிக்கல். ஒரகடத்தின் திறந்தவெளியில் சாயங்காலக் காற்று பலமாக வீசும். சுடர் அணையாமலிருக்கத் தகரத் தடுப்பு வைக்க வேண்டும். பர்னர் சிலிண்டரின் தலையிலேயே இருந்தால் அந்தத் தடுப்பு சூட்டைச் சிலிண்டர் மேலேயே அடைத்து வைக்கும். காற்றுக்குத் தேவையான அதே பொருள் உருளைக்கு ஆகாது.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. சங்ககிரிப் பக்கத்து டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் சிலிண்டரைக் காற்று வரும் பக்கம் தள்ளி வைத்து, ரப்பர் டியூப் வழியாக அடுப்பைத் தடுப்புக்குள் எரித்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “அடுப்பு சூடானா சோறு வேகும் தம்பி, சிலிண்டர் சூடானா நாம வேகணும்” என்றார்.

அவர் செய்ததுதான் நான்காவது வகை. என் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. முத்திரை உள்ள, எண்ணெய் நிறுவனம் நிரப்பிய 5 கிலோ சிலிண்டர். தனியே இரண்டு பர்னர் அடுப்பு. நடுவே சுரக்ஷா டியூப். இந்த 5 கிலோ சிலிண்டருக்கு இந்தியன் ஆயில் 2020இல் ‘சோட்டு’ என்று பெயர் வைத்தது. முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம். ஊர் ஊராக மாறும் தொழிலாளர்களை நினைத்துக் கொண்டுவந்த ஏற்பாடு, ஊர் ஊராகப் போகும் பயணிக்கும் பொருந்துகிறது. 2021 முதல் ஃபைபர் சிலிண்டரும் உண்டு. எடை குறைவு, திரவம் எவ்வளவு மீதி என்பது வெளியிலிருந்தே தெரியும். கணக்கும் சாதகம்: ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 46 மெகாஜூல். 5 கிலோவுக்கு 230. இரண்டு கிலோவாட் பர்னரை முழுத் தீயில் விடாமல் எரித்தாலும் முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு நீண்ட விடுமுறையே கழியும். அதே சக்தியைக் கரியில் எடுக்க எட்டு கிலோ வேண்டும். கரியின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது குறைவு என்பதால் உண்மையில் அதைவிட அதிகம்.

ஆனால் ‘எரிவாயு நல்லது’ என்று சொல்லி நிறுத்த முடியாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததில் ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து புறப்பட்ட யாத்திரைக் குழு. பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டியபோது தீப்பிடித்தது. சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு பெட்டி, உள்ளே மனிதர்கள், உள்ளேயே சிலிண்டர். நம் டிரெய்லரும் அதே ஏற்பாட்டின் சிறு வடிவம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. புரோபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் படிந்து படுக்கைக்கு அடியில் தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் பயனில்லை. அதனால் சிலிண்டரின் இடம் டிரெய்லருக்கு வெளியே, இழுவைக் கம்பியின் மேல், வெயில் படாத மறைப்போடு, நிமிர்ந்து நிற்கும்படி. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், தரையில் வெளியே திறக்கும் துளை உள்ள தனிப் பெட்டியில். துளை இல்லாத பெட்டியை நான் ஏற்கமாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றியிருக்க வேண்டும். டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெயிலிலும் குலுக்கலிலும் கிடக்கும் டியூபுக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம்.

பம்ப் ஸ்டவ்வை விட்டுவிட்டேனே என்று முந்தைய தலைமுறை கேட்கும். ஸ்வீடனில் 1892இல் பிறந்த பிரைமஸ் வகை. காற்றுக்கு அசையாது, குளிருக்கு அசையாது. இமயமலை ஏறினவர்கள் இதை நம்பியே ஏறினார்கள். ஆனால் மண்ணெண்ணெய் ரேஷன் கடையிலேயே அருகிவிட்டது. வாசனை படுக்கை வரை ஏறும். ‘ஸ்டவ் வெடித்து’ என்று தொடங்கும் அந்தக் காலத்துச் செய்திகளின் நிழலும் இதன் மேல் உண்டு. அந்தச் செய்திகளில் எத்தனை உண்மையில் ஸ்டவ்வின் குற்றம் என்பது வேறு கதை. டிரெய்லருக்கு இது வேண்டாம்.

விறகைப் பற்றி ஒரே வரி போதும் என்று நினைத்தேன், போதாது. பொறுக்கிய சுள்ளியில் சமைப்பது முகாமின் உச்ச இன்பம் என்று பலருக்குத் தோன்றும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம் என்பது முதல் விஷயம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள் அவர்களில் பலர். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லின் மேல் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. விறகு மட்டுமல்ல, கரி கிரிலுக்கும் இதே கணக்கு. பொறி பறக்கும் எதுவும் அந்த மாதங்களில் மலைக்கு வரக் கூடாது.

மின்சாரத்தையும் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதினால் இந்த ஊருக்கே அநியாயம் செய்ததாகிவிடும். 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 இங்கேயே ஒன்றுகூட்டப்பட்ட கார்; அதன் பேட்டரி 72.6 கிலோவாட் மணி, அதிலிருந்து வெளியே 3.6 கிலோவாட் வரை எடுக்கலாம். இரண்டு கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பை முழுதாக ஒரு மணி நேரம் எரித்தால் போவது பேட்டரியில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு; ஓட்டத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். தீ இல்லை, கசிவு இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. சோற்றுக்கும் குழம்புக்கும் இது எரிவாயுவை வென்றுவிடுகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மின்சார கிரில் தட்டும் உண்டு. இறைச்சி வேகும், மணம் குறைவு. இப்படி ஒரு கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிலிண்டர் வாங்கப் போக வேண்டாம். மற்றவர்களுக்கு, தனியே பெரிய பேட்டரி வாங்கி இதைச் செய்வது இன்றைய நிலையில் வீண் செலவும் வீண் எடையும்.

எடை என்றதும் இன்னொன்று. தொழிற்பேட்டைப் பக்கம் காயலான் கடைகளில் லாரி பிரேக் டிரம்களை வாங்கிக் கரியடுப்பாக்குகிறவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு, சூட்டை நிறுத்திப் பிடிக்கும், முறுக்காது, ஆயுள் முழுக்க வரும். வீட்டு மொட்டை மாடிக்கு, தாபா வாசலுக்கு அதைவிட நல்ல அடுப்பு இல்லை. பழைய லைனிங் தூசும் கிரீசும் போக முதலில் கழுவிச் சுத்தம் செய்து ஒருமுறை வெறுமனே எரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய லாரி டிரம்மை ஒருவர் தூக்கவே திணறுவார். சிறிய டிரெய்லரில் எடை எங்கே இருக்கிறது என்பது ஓட்டத்தையே மாற்றும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. படங்களில் வரும் டிரெய்லர்களில் சமையலறை பின்பக்கக் கதவுக்குள் இருக்கும். அங்கே கனமான அடுப்பையும் கரி மூட்டையையும் தண்ணீர் கேனையும் ஏற்றினால் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடி, வேகத்தில் வால் ஆடும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

இனி தீர்ப்பு. டிரெய்லருக்கு முதல் அடுப்பு 5 கிலோ சிலிண்டரும் தனி இரட்டை அடுப்பும்தான். ‘கிரில்’ என்ற பெயரில் விற்கும் கேஸ் பொருள் எதுவும் வேண்டாம். அடுப்பின் மேல் ஒரு தடித்த இரும்புத் தோசைக்கல் இருந்தால் அந்த வேலையில் பாதியை அது செய்துவிடும். பியூட்டேன் மேசை அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும். தலையில் பர்னர் வைத்த சின்ன உருளை எந்த நிலையிலும் வேண்டாம். இது ஒன்றில்தான் எனக்குச் சலுகை கிடையாது. கரி கிரில் இரண்டாவது அடுப்பாக வரலாம்; கடற்கரையிலோ ஏரிக்கரைத் தனியார் நிலத்திலோ, மழையும் கோடைக் காற்றும் இல்லாத நாளில், ஒரு வேளை இன்பத்துக்காக. இறைச்சியைப் பனிப்பெட்டியில் கடைசி நேரம் வரை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் அந்த இன்பம். மசாலா தடவி வெயிலில் மூன்று மணி நேரம் ஊறவைக்கும் பழக்கம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் செய்ய வேண்டியது, காரின் பின்சீட்டில் அல்ல.

அந்த இரண்டாவது அடுப்பையும் கடையில் தேட வேண்டாம் என்பேன். கார் கதவையும் லாரி சேசியையும் நூலிழை பிசகாமல் அடிக்கிற ஊரில், ஒரு நல்ல குமுட்டி செய்யத் தகட்டுப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இரண்டு மில்லிமீட்டர் சாதா இரும்புத் தகடு, பூச்சு எதுவும் இல்லாமல். நாற்பது சென்டிமீட்டர் நீளம், இருபத்தைந்து அகலம். நான்கு பேருக்கு அது தாராளம். கம்பிவலையைத் தூக்கி இறக்க இரண்டு பக்கமும் மூன்று படி வெட்டு. நெத்திலி விழாத அளவுக்குக் கம்பிகளுக்கு இடையே இடைவெளி. புல் கருகாத உயரத்துக்குக் கால்கள், மடக்கினால் பெட்டிக்குள் போகும்படி. கீழே நகர்த்தி மூடும் காற்று வாய்; மேலே இறுக அமரும் தட்டை மூடி. மூடியின் விளிம்பை மடித்துத் தரச் சொல்லுங்கள், வெல்டிங் மட்டும் போதாது. சூட்டில் நெளிந்தால் காற்று புகுந்து கரி இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்.